அசையாமல் படுத்த பாக்கி

ஆஸ்பத்திரிக்கு நான் தரவேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து ஐந்நூற்று எண்பது. வாங்கித் தின்றது ஒன்றுமில்லை, உடைத்தது ஒன்றுமில்லை. அத்தனையும் படுத்ததற்கு. அதுவும் சும்மா படுத்ததற்கு இல்லை, அசையாமல் படுத்ததற்கு. கொஞ்சம் புரண்டு படுத்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது என்று பணம் கட்டும் கவுண்டர் அம்மா பிறகு சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் உருண்டிருப்பேன்.

எனக்குச் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. லாரிக்கு முதுகைக் காட்டி நின்றால் மேலிருந்து ஒருவன் மூட்டையை வைப்பான். வைத்ததைக் கொண்டுபோய் அடுக்கவேண்டும். இருபத்தாறு வருஷம் வலது தோளில் தூக்கினேன். இந்த வருஷம் அந்தத் தோள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. கையைக் காதுக்கு மேலே தூக்கினால் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். சட்டை மாட்டுவதற்கே மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

கிடங்கு வாசலில் ஒரு எடைமேடை உண்டு. லாரி ஏறும், முள் நிற்கும், நின்ற எண்ணை நோட்டில் எழுதவேண்டும். ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறார். அந்த ஸ்டூல் கிடைத்தால் பிழைத்தேன். கிடைக்காவிட்டால், மூட்டை தூக்க முடியாதவனுக்குக் கிடங்கில் நிற்க நிழல்கூடக் கிடையாது.

மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன்.

"தோள் போச்சுன்னு நீ சொன்னா ஆச்சா?" என்றார் அவர். "என் மச்சானுக்கும்தான் தோள் போச்சு. இதுவரைக்கும் ஒரு மூட்டை தூக்கினதில்லை, ஆனாலும் போச்சுங்கிறான். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக் கடுதாசி கொண்டாங்க. தோள்னு இருக்கணும், லாயக்கில்லைன்னு இருக்கணும், சீல் இருக்கணும். ஒண்ணாந்தேதி காலையில யார் கையில கடுதாசி இருக்கோ அவனுக்கு ஸ்டூல். ரெண்டு பேர்கிட்டயும் இல்லேன்னா மச்சானுக்கு."

அன்றைக்கு மூன்றாம் தேதி. ஒரு கடுதாசிக்கு இருபத்தேழு நாள் தாராளம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை.

"எங்க வலி?"

"வலது தோள்ல. ஒரு தடவை தொட்டுப் பாருங்க டாக்டர், தூக்கினா உள்ள சத்தம் வருது."

"தொட்டுப் பார்த்தா எனக்கு என்ன தெரியும்? உள்ள பார்க்கத்தானே கீழ மெஷின் வச்சிருக்கோம்" என்று 'ஸ்கேன்' என எழுதி நீட்டினார். சரியான பேச்சாகத்தான் பட்டது.

ஸ்கேனுக்கு ஏழாயிரத்து முந்நூற்று அறுபது. என் மடியில் மூவாயிரம் இருந்தது. கவுண்டர் அம்மா அதை எண்ணி வாங்கிக்கொண்டு, "படம் இப்பவே எடுத்துடுவாங்க. மீதி கட்டினாதான் ரிப்போர்ட்" என்றார்.

ஸ்கேன் பிரிவு தரைக்குக் கீழே. அங்கே குளிர் பற்களைத் தந்தியடிக்க வைத்தது. காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். 'நோயாளி எதிர்பார்க்கவேண்டியவை' என்று தலைப்பு. பயப்படவேண்டாம் என்று தொடங்கியது. சத்தம் வரும், அசையக்கூடாது, அசைந்தால் படம் கெடும், கெட்டால் மறுபடி எடுக்கப்படும், மறுபடி எடுக்கக் கட்டணம் உண்டு என்று போய், பயப்படவேண்டாம் என்று முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் அது எனக்கு நெட்டுருவே ஆகிவிட்டது.

பிறகு ஸ்கேன் ஆப்பரேட்டர் வந்தார். கையில் கட்டம் போட்ட தாள்.

"மோதிரம், சங்கிலி, சாவி, பெல்ட்?"

"ஒண்ணுமில்லைங்க."

"உடம்புக்குள்ள இரும்பு? திருகாணி, தகடு, துப்பாக்கிக் குண்டு?"

"குண்டா? நான் மூட்டைதாங்க தூக்கறேன்."

"இல்லைன்னு போட்டுக்கறேன். கர்ப்பமா?"

"யாரு?"

"நீங்கதான்."

"எனக்கு அம்பத்திரண்டு வயசு."

"வயசு வேற கட்டம்ணே. இது ஆமா, இல்லை கட்டம்."

"இல்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'நோயாளியின் கூற்றுப்படி இல்லை' என்று எழுதிக்கொண்டார். பழி தன்மேல் வரக்கூடாது என்று நினைக்கிற மனிதர்.

ஒரு அங்கி கொடுத்தார். பின்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி. முடிச்சை நோயாளியே போட்டுக்கொள்ளவேண்டுமாம்.

"கை முதுகுக்குப் போற மாதிரி இருந்தா நான் ஏங்க இங்க வரேன்?"

அவர் அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் முடிச்சுப் போடவில்லை. ஒரு கையால் அங்கியைப் பின்னால் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன்.

பெரிய வெள்ளைக் குழாய். அதற்குள் போய்வருகிற ஒரு படுக்கை. காதில் பஞ்சு வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்.

"ஏதாவது ஆச்சுன்னா இதை அமுக்குங்க."

"அமுக்கினா?"

"நான் வந்து, ஏன் அமுக்கினீங்கன்னு கேட்பேன்."

குழாய்க்குள் போனேன். டங்டங், கடகட, டொக்டொக். எல்லாரும் இந்தச் சத்தத்துக்குத்தான் நடுங்குவார்களாம். கிடங்கில் தகரத் தகடு இறக்குகிற நாளில் வரும் சத்தத்தில் இது கால்வாசி இல்லை. அன்று விடியற்காலையிலிருந்து இரண்டு லாரி இறக்கிவிட்டு வந்திருந்தேன். முதுகுக்குக் கீழே மெத்தை, மேலே சில்லென்று காற்று, 'ஏய்' என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. டொக்டொக் இரண்டாவது சுற்று வருவதற்குள் கட்டையாகிவிட்டேன்.

கண்விழித்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஏழெட்டு முகங்கள். செத்துவிட்டேன் என்று வந்திருக்கிறார்கள் என நினைத்து எழுந்து உட்கார்ந்தேன். அவர்கள் கை தட்டினார்கள்.

நடுவில் நின்றவர்தான் துறைத் தலைவர். பெரிய டாக்டர் என்பார்கள். படம் எடுக்கிற பிரிவு முழுவதும் அவர் கையில். திரையில் தெரிந்த என் தோளைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார்.

"நாப்பது நிமிஷம்! ஒரு முடி அசையலை" என்றார் மற்றவர்களைப் பார்த்து. "பதினோரு வருஷமா நான் சொல்லிட்டு வரேன், மெஷின்ல குறையில்லை, மின்சாரத்துல குறையில்லை, நம்ம ஆப்பரேட்டர்கிட்டகூட பெரிசா குறையில்லை. இந்தத் துறைக்கு ஒரே இடைஞ்சல் நோயாளி. இருமுறாங்க, சொறியறாங்க, மூச்சு விடறாங்க. நோயாளி மட்டும் வராம இருந்தா நாம எங்கயோ போயிருப்போம். இன்னைக்குத்தான் ஒருத்தர் வராத மாதிரி வந்திருக்கார்."

"டாக்டர், அந்தத் தோள்ல என்ன கோளாறுன்னு..."

"கோளாறா? இந்த விளிம்பைப் பாருங்க! கத்தி மாதிரி நிக்குது!"

எல்லாரும் விளிம்பைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் தோள் கறுப்பும் சாம்பலுமாக அழகாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில் நார் பிரிந்த சாக்கு மாதிரி ஏதோ கிழிந்து தொங்கியது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கிழிசலும் வெகு தெளிவாக விழுந்திருக்கிறது என்று மட்டும் ஆப்பரேட்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி துவைத்த துணியை உதறிக்கொண்டே கேட்டாள்.

"கை தட்டினாங்களா?"

"ஆமா."

"தூங்கினதுக்கு?"

"அசையாம தூங்கினதுக்கு."

"முப்பது வருஷமா இந்த வித்தையை எனக்கு ஓசியில காட்டிட்டு இருந்திருக்கீங்க. கடுதாசி எங்க?"

"மீதி கட்டினா கொடுப்பாங்களாம்."

"போய் அதை வாங்குற வழியைப் பாருங்க. மேஸ்திரி மச்சான் அந்த ஸ்டூலுக்குக் குஷன் தைக்கக் கொடுத்திருக்கான்."

மறுவாரம் கடன் வாங்கிய பணத்தோடு போனேன். கவுண்டர் அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல இன்னொரு படத்துக்கு எழுதியிருக்காங்களே" என்றார். கீழே போய்க் கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இடது தோளும் வேண்டும் என்றார் பெரிய டாக்டர். வலது தோளையே இன்னும் யாரும் பார்க்கவில்லையே என்றேன். "அதான், ரெண்டையும் சேர்த்துப் பார்க்காம இருக்கோம்" என்றார்.

படுத்தேன். இந்த முறை தூங்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இரண்டாவது நிமிஷம் தூங்கிவிட்டேன். பாக்கி பதினோராயிரத்து எழுநூற்று இருபது ஆனது. நான் கொண்டுபோயிருந்த பணம் அதன் பக்கத்தில் நிற்கவே கூச்சப்பட்டது. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அதற்கடுத்த முறை போனபோது நுழைவாயில் கூடத்தில் என் வலது தோள் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அடியில் 'தெளிவு எங்கள் கடமை' என்று எழுதியிருந்தார்கள். வருகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சட்டம் போட்ட செலவு தொள்ளாயிரம் என் கணக்கில் ஏறியிருந்தது. படத்தில் இருப்பது நோயாளியின் தோள் என்பதால் அது நோயாளியின் செலவாம்.

"ரிப்போர்ட் எழுதற டாக்டர் எங்க?" என்று ஆப்பரேட்டரிடம் கேட்டேன்.

"வெளியூர் மாநாட்டுக்குப் போயிருக்காருண்ணே. நோயாளிகிட்ட எப்படிப் பேசறதுன்னு ரெண்டு வாரம் பேசறாங்க."

"எப்ப வருவாரு?"

"பேசி முடிச்சதும்."

அந்தச் சமயத்தில்தான் உருண்டை உடைந்தது.

மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உருண்டை உண்டு. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை, பூசணிக்காய் அளவு. தினம் காலையில் முதல் ஆளாக அதைப் படுக்கையில் வைத்துப் படம் எடுப்பார்கள். உருண்டை நன்றாக விழுந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆப்பரேட்டர் கைதவறி அதைக் கீழே போட்டுவிட்டார். புதியது கேட்டால், பழையதைத் தண்ணீரோடு ஒப்படைக்கச் சொன்னது ஸ்டோர். தண்ணீரை ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது. துடைத்த துணியை ஸ்டோரில் ஏற்கவில்லை. மறுநாள் தர ஆய்வுக் குழு வருகிறது. உருண்டை இல்லாவிட்டால் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள்.

பெரிய டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நடந்தார். ரிப்போர்ட்டைக் கேட்டு நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் நின்றார். அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"மனுஷ உடம்புல மூணுல ரெண்டு பங்கு தண்ணி" என்றார் மெதுவாக. "விதியில என்ன இருக்கு? தண்ணி நிரப்பின, அசையாத ஒரு பொருள். உருண்டையா இருக்கணும்னு எங்கயும் இல்லை."

"டாக்டர், என் ரிப்போர்ட்..."

"நாளைக்கு ஒரே ஒரு தடவை படுங்க. நானே கையில தரேன்."

ஒரே ஒரு தடவைதானே என்று ஒத்துக்கொண்டேன். இப்படி ஒத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு மூட்டை அதிகமாகத் தூக்கினேன்.

குழுவில் மூன்று பேர். ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் எதற்கு வந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை. உடைந்த உருண்டையின் எண் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து என் மார்பில் ஒட்டியிருந்தார்கள். நான் விறைத்துப் படுத்திருந்தேன்.

"சோதனைப் பொருள் இதுதானா?" என்றார் கேட்பவர்.

"இதுதான்" என்றார் பெரிய டாக்டர்.

"எண் சரியா இருக்கு. துணி சுத்தியிருக்கே?"

"தூசு படாம இருக்க."

"கசிவு உண்டா?"

"சொட்டு கிடையாது."

அந்தக் குளிரில் எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். மூக்கிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. கேட்பவர் குனிந்து பார்த்தார். எழுதுபவரிடம், "லேசான கசிவு, ஏற்கத்தக்கது" என்றார். அவர் எழுதிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, என் ரிப்போர்ட்டைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

மூவரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"பேசுதே!"

"புது மாடல்" என்றார் பெரிய டாக்டர், கண் இமைக்காமல்.

'குரல் வசதி உண்டு' என்று எழுதப்பட்டது. படம் எடுத்தார்கள். நான் தூங்கினேன். மெஷின் தேறியது. போகும்போது கேட்பவர் ஒரு சின்ன உரை ஆற்றினார். "பல ஆஸ்பத்திரி பார்த்தாச்சு. சோதனைப் பொருளை இவ்வளவு அக்கறையா, வெதுவெதுப்பா வச்சிருக்கிற இடம் இது ஒண்ணுதான். நோயாளிகளையும் இதே மாதிரி வச்சுக்க முயற்சி பண்ணுங்க" என்றார். பெரிய டாக்டர், அது ஐந்தாண்டுத் திட்டத்தில் இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு தினம் காலையில் போய்ப் படுக்கவேண்டியதாயிற்று. குழு என்னை ஏற்றுக்கொண்டுவிட்டதால் வேறு பொருளை வைக்க முடியாதாம். நாளைக்கு ரிப்போர்ட், நாளைக்கு ரிப்போர்ட் என்று ஒன்பது நாள். நானும் போனேன். கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் கடுதாசி போய்விடுமே என்ற பயம். காலைச் சோதனைக்குச் சலுகைக் கட்டணம் நானூறுதான் என்று கவுண்டர் அம்மா ஆறுதல் சொன்னார். குழு வந்த அன்றைக்கு எடுத்த படத்துக்கு மட்டும் முழுக் கட்டணமாம். ஆகமொத்தம் இருபத்து மூவாயிரத்து ஐந்நூற்று எண்பது.

"படுக்கிறது நானு, காசும் நான்தான் கொடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"மெஷின்ல யார் படுத்தாலும் கம்ப்யூட்டர் காசு கேட்கும். உருண்டைக்கே ஏழு வருஷப் பாக்கி நிக்குது. அது இப்ப செத்துப்போச்சு, யார்கிட்ட வசூல் பண்றதுன்னு நாங்களே முழிச்சுட்டு இருக்கோம். நீங்களாவது ஒழுங்கா கட்டிடுங்க. இல்லேன்னா வேலை பார்க்கிற இடத்துக்குக் கடிதம் போகும், கூலியில பிடிப்பாங்க."

இருபத்தொன்பதாம் தேதி ரிப்போர்ட் டாக்டர் மாநாட்டிலிருந்து திரும்பினார். ஓடிப்போய் முன்னால் நின்றேன். இரண்டு வாரம் பயின்ற மனிதர். கண்ணைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், தலையைச் சாய்த்துக்கொண்டார். அத்தனை கனிவு.

"உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா உங்க ஃபைல் உபகரணப் பிரிவுக்கு மாறிடுச்சு. உபகரணத்துக்கு ரிப்போர்ட் எழுத எனக்கு அதிகாரமில்லை."

"அந்தப் படத்தை ஒரு தடவை பாருங்க டாக்டர். கூடத்துலதான் மாட்டியிருக்கு. ஏதோ கிழிஞ்சு தொங்குது, எனக்கே தெரியுது."

"யோசிச்சுப் பாருங்க" என்றார் அவர் இன்னும் கனிவாக. "சோதனைப் பொருள்ல கோளாறு தெரிஞ்சா மெஷின்ல கோளாறுன்னு அர்த்தம். மெஷின் தேறிடுச்சு. அதனால உங்க தோள்ல ஒண்ணும் இருக்க முடியாது. சந்தோஷமான செய்திதானே? நான் சொன்ன விதம் உங்களுக்குப் பிடிச்சுதா? அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

மூன்று போட்டேன். சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு நாள் இருந்தது. கடுதாசி இல்லை. ஸ்டூல் போனது போனதுதான். தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, இந்தப் பாக்கியைக் கட்ட எத்தனை மூட்டை தூக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன். தூக்கக் கை வேண்டுமே என்ற இடத்தில் கணக்கு நின்றுவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போலப் படுக்கப் போனால் கீழே ஒரே அமளி. சுவரை இடித்து ஒரு புது மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பழையது கண்டம், அதாவது இனி உதவாது என்று கழித்தாகிவிட்டது. துணைச் சாமான்களும் அதோடு கண்டம். ஆப்பரேட்டர் பட்டியல் வைத்திருந்தார். மெஷின் ஒன்று, படுக்கை ஒன்று, ரப்பர் பந்து இரண்டு, சோதனைப் பொருள் (குரல் வசதியுடன்) ஒன்று.

"அண்ணே, நீங்களும் ஸ்டோருக்குப் போகணும்" என்றார். எனக்காக வருத்தப்பட்டார். வண்டியில் ஏற்றட்டுமா என்றுகூடக் கேட்டார். நடந்தே போனேன்.

ஸ்டோர் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம். கால் ஒடிந்த நாற்காலிகள், சக்கரம் போன தள்ளுவண்டிகள், நடுவில் ஸ்டோர்கீப்பர். மூக்குநுனியில் கண்ணாடி. சிரிக்காத முகம்.

"சோதனைப் பொருள் எங்க?"

"நான்தாங்க."

பட்டியலைப் பார்த்தார், என் மார்புச் சீட்டைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போனதால் அவருக்கு வேறு சந்தேகம் இல்லை.

"சும்மா கண்டம்னு எழுதிட முடியாது. எதனால கண்டம்னு காரணம் போடணும். நாளைக்குத் தணிக்கையில என்னைத்தான் கேட்பாங்க. நல்ல சாமானைத் தள்ளிவிட்டேன்னு பேர் வரக்கூடாது. என்ன கோளாறு?"

இந்த ஆஸ்பத்திரிக்குள் வந்து இருபத்தேழு நாளில் அந்தக் கேள்வியை ஒருவர் பதில் வேண்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வலது தோள்ங்க."

அவர் எழுந்து வந்தார். தோளைத் தொட்டார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கையைப் பிடித்து மேலே தூக்கினார். 'கடக்.'

"ம்" என்றார். காதைக் கிட்டே வைத்து மறுபடி தூக்கினார். 'கடக்.' ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து என் முன்னால் வைத்தார். "தூக்குங்க." முழங்கால் உயரம்வரை வந்தது, அதற்குமேல் கை நடுங்கி வாளி சாய்ந்தது. இடது கையால் தூக்கச் சொன்னார். தூக்கினேன். வலது கையால் மறுபடி. தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது. அவர் செருப்பைக் கவனிக்கவில்லை. கூடத்துக்குப் போய்ச் சட்டம் போட்ட படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, என் தோளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த இடத்துல கயிறு அறுந்திருக்கு" என்றார். "தள்ளுவண்டியில பெல்ட் அறுந்தா இப்படித்தான் சத்தம் வரும். இதை யாருமே பார்க்கலையா?"

"விளிம்பைப் பார்த்தாங்க."

உட்கார்ந்து நிதானமாக எழுதினார். 'வலது தோள் உள்பக்கம் அறுந்துள்ளது. தேய்மானம் இருபத்தாறு வருடம். பாரம் தூக்க லாயக்கில்லை. உட்கார்ந்து செய்யும் உபயோகத்துக்கு ஆகும்.' மூன்று பிரதி. மூன்றிலும் பெரிய வட்டச் சீல்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு கணக்குக்கு, ஒண்ணு சாமான்மேல ஒட்டணும்" என்று கோந்தை எடுத்தார்.

"ஒட்ட வேண்டாங்க, கையிலயே கொடுங்க" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

ஒன்றாம் தேதி காலையில் மேஸ்திரி அதை மூன்று முறை படித்தார். மச்சான் பக்கத்தில் குஷனோடு நின்றான்.

"தோள்னு இருக்கு" என்றார் மேஸ்திரி. "லாயக்கில்லைன்னு இருக்கு. சீல் இருக்கு. உட்கார்ந்து செய்யலாம்னுகூட இருக்கு. டாக்டர் எழுதின கடுதாசி எத்தனையோ பார்த்திருக்கேன், ஒண்ணுமே புரியாது. இது மாதிரித் தெளிவா எழுதற டாக்டர் யாருய்யா?"

"பின்பக்கம் இருக்காருங்க."

"கெட்டிக்காரர். மச்சான், குஷனைக் கொடுத்துட்டுப் போ."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் லாரி வந்தது, முள் நின்றது, எண்ணை எழுதினேன். மின்விசிறி சுற்றியது. அந்த வாரம் முழுவதும் தூங்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிப் பாக்கி தலைக்கு மேலே தொங்கியது. கூலியில் பிடித்தால் ஸ்டூலில் மூன்று மாசம் சும்மா உட்காரவேண்டும்.

கவுண்டர் அம்மாவிடம் போனேன். ஸ்டோரிலிருந்து கணக்குப் பிரதி அவரிடம் வந்திருந்தது. "கண்டம் ஆன சாமான்மேல பாக்கி வசூல் பண்ண முடியாது" என்றார். "ஆனா கணக்கு மூடணும்னா சாமான் ஏலம் போகணும். வந்த காசைக் கழிச்சுட்டு மீதி தள்ளுபடி. வெள்ளிக்கிழமை ஏலம். நீங்க கட்டாயம் வரணும், நீங்கதானே சாமான்."

மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டோர் வாசலில் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். மெஷினையும் படுக்கையையும் எடைக்கு எடுத்துக்கொண்டார். ரப்பர் பந்து இரண்டையும் யாரும் கேட்கவில்லை. பிறகு என்னை முன்னால் நிறுத்தினார்கள்.

"சோதனைப் பொருள் ஒண்ணு. ஆரம்ப விலை நூறு" என்றார் ஸ்டோர்கீப்பர்.

வியாபாரி என்னைச் சுற்றிவந்து பார்த்தார். "உள்ள இரும்பு தேறுமா?"

ஸ்டோர்கீப்பர் ஃபைலைப் புரட்டினார். "உலோகம் இல்லை."

"தாமிரம், பித்தளை?"

"உலோகம்னா எல்லாம்தான். கர்ப்பமும் இல்லை, அவர் கூற்றுப்படி."

"எனக்கு வேண்டாம்ப்பா. எடைக்கும் போகாது, சோறு வேற போடணும்."

விலை எழுபத்தைந்துக்கு இறங்கியது. ஐம்பதுக்கு இறங்கியது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள்.

"முப்பது."

"அம்மா, அம்பது கேட்கிறோம்."

"அம்பதா? தோள் போச்சுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. குறட்டை வேற விடும். முப்பதே என் பெரிய மனசுக்கு."

ஸ்டோர்கீப்பர் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். "முப்பது, ஒரு தரம்" என்றார்.

அப்போது பெரிய டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நிறுத்துங்க! புது மெஷினுக்கு உருண்டை வரலை. எங்களுக்கு அந்தச் சாமான் வேணும். முப்பத்தஞ்சு!"

மனைவியின் பையில் முப்பதுக்கு மேல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஸ்டோர்கீப்பர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "துறை சார்புல வாங்கணும்னா மூணு இடத்துல விலைப்புள்ளி வாங்கியிருக்கணும் டாக்டர். வச்சிருக்கீங்களா?"

"இதே மாதிரி மூணு ஆளுக்கு எங்க போறது?"

"அது எனக்குத் தெரியாது. விண்ணப்பம் மேஜைமேல இருக்கு, பூர்த்தி பண்ணுங்க. பச்சை மசியில."

"பச்சைப் பேனா! யார்கிட்டயாவது பச்சைப் பேனா இருக்கா?" என்று பெரிய டாக்டர் வராந்தாவில் ஓடினார். வழியில் நின்ற நோயாளிகள் ஒதுங்கினார்கள்.

"முப்பது, ரெண்டு தரம்" என்றார் ஸ்டோர்கீப்பர். ஓடுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் அடுத்ததைக் கொஞ்சம் அவசரமாகச் சொன்னார். "மூணு தரம்."

மனைவி காசை எண்ணிக் கவுண்டரில் வைத்தாள். கவுண்டர் அம்மா ரசீது போட்டார்.

"சாமானை இன்னைக்கே எடுத்துடணும். ஏத்துக்கூலி உங்களோடது."

"அதுக்கு அவசியமில்லை" என்றாள் மனைவி. "அதுவே நடந்து வரும்."

கவுண்டர் அம்மா கழுத்தை நீட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருபத்து மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது என்ற எண்ணுக்கு நேராகத் தள்ளுபடி என்று முத்திரை குத்தினார்.